ஒரு சமக்குறி, இரண்டு அர்த்தம்

முள்ளியவளையில் உள்ள ஒரு தனியார் கிளினிக்கிலிருந்து அழைப்பு வந்தபோது, கிளிநொச்சி அலுவலகத்தில் நாங்கள் காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அவர்களுடைய நோயாளர் பதிவு மென்பொருளைச் செய்தது எங்கள் குழு.

"தங்கச்சி, உங்கட கொம்பியூட்டர் ஒரு பிள்ளையைக் கொல்லப் பாத்தது," என்றார் டொக்டர்.

வற்றாப்பளையைச் சேர்ந்த இரட்டைச் சகோதரிகள் அங்கே மருந்தெடுப்பவர்கள். மூத்தவளுக்குப் பெனிசிலின் ஒவ்வாது. இளையவளுக்கு அப்படி எதுவுமில்லை. அன்று மூத்தவள் காய்ச்சலோடு போயிருக்கிறாள். திரையில் ஒவ்வாமைக்கான இடம் வெறுமையாக இருந்தது. தாதி ஊசி போடப்போன நேரம் அவளே கேட்டிருக்கிறாள்: "மிஸ், இது பெனிசிலின் இல்லைத்தானே?" அதனால்தான் ஊசி நின்றது.

அந்தப் பகுதியை எழுதியவள் நிரோஜினி. தர்மபுரத்துப் பிள்ளை, வேலைக்குப் புதியவள்.

"அக்கா, நான் வேலையை விடுறன்," என்றாள்.

"முதல்ல கதிரையில இரும். புரோகிராமைப் பாப்பம்."

தங்கையைப் பதியும்போது எல்லாவற்றையும் திரும்ப அடிக்காமலிருக்க, அக்காவின் விபரங்களைப் பிரதியெடுக்க நிரோஜினி வழி செய்திருந்தாள். விலாசத்தைப் பிரதியெடுக்க ஒரு சமக்குறி (=). குடும்ப நோய்களும் ஒவ்வாமையும் அடங்கிய மருத்துவப் பதிவுக்கு அடுத்த வரியில் இன்னொரு சமக்குறி. நாங்கள் பாவித்த கணினி மொழியில், விலாசம் வெறும் எழுத்து என்பதால், முதலாவது தனிப் பிரதி தந்தது. இரண்டாவது பிரதி தரவில்லை. ஒரே பதிவை இருவருக்கும் பொதுவாக்கிவிட்டது. தங்கைக்கு ஒவ்வாமை இல்லையென்று தாதி அழித்தபோது அக்காவினதும் அழிந்தது.

"நான் செக் பண்ணினனான் அக்கா. ரெண்டும் சமமோ எண்டு கேட்டன், ஓம் எண்டு சொன்னது."

அது உண்மைதான். எண்களில் அந்த மொழி மதிப்பை ஒப்பிடும். பதிவுகளிலோ இரண்டும் அதே ஒரு பதிவுதானா என்று மட்டும் பார்க்கும். சரியாகப் பிரதியெடுத்திருந்தால்தான் 'இல்லை' என்றிருக்கும்.

அன்றே இருவரும் முள்ளியவளைக்குப் போனோம். பிரதியெடுத்த பதிவுகள் எல்லாவற்றையும் தாதியோடு இருந்து பிரித்தோம். மூத்தவளிடம் நிரோஜினி மன்னிப்புக் கேட்டாள். "எனக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே, அழாதேங்கோ," என்றாள் அவள்.

அந்த நாட்களில் படிவங்களுக்கென்று நாங்களே ஒரு சிறிய கணினி மொழி அமைத்துக்கொண்டிருந்தோம். சமக்குறி எப்போதும் பிரதியே தரவேண்டும், ஒரே பதிவை இருவருக்குப் பொதுவாக வைக்க வேறு சொல் வேண்டும் என்று எங்கள் மேலாளரிடம் சொன்னேன். ஒப்பீடு எப்போதும் உள்ளடக்கத்தைத்தான் பார்க்கவேண்டும் என்றும் கேட்டேன்.

மேலாளர் கேட்டார்: "எல்லாத்துக்கும் பிரதி எடுத்தா ஆறுதலா, மெதுவாத்தானே ஓடும்?"

"ஓடட்டும் சேர்," என்றாள் நிரோஜினி. "எழுதிறவைக்கு என்ன நடக்குது எண்டு விளங்கும்."

அவர் சம்மதித்தார்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருவர் பிழைவிட்டால், அவரைக் கண்டிக்க முன்னர், நாம் அவர் கையில் கொடுத்த குறி எத்தனை அர்த்தம் சொல்கிறது என்று பாருங்கள்.