கிடாரம் கழுவிய தண்ணீர்

சண்டைக்காலத் தடையால் சவர்க்காரம் வன்னிக்குள் வராத வருடங்கள் அவை. ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த இடம்பெயர்ந்தவர்களுக்குச் சமைக்கும் பொதுக் குசினியில் சில மாதங்கள் நின்றேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், ஓரிடத்தில் நிலைக்காதவன். விறகு கொத்துவதும் சோற்றுக் கிடாரங்களைத் தூக்குவதும் என் வேலை. கழுவுவது பெண்கள். சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவர்களுடைய விரலிடுக்குகள் வெடித்திருந்தன.

கைக்கு இதமாக ஏதாவது செய்யப் பார்த்தேன். பனம்பழக் களி நுரைத்தது. ஆனால் மூன்று தண்ணீர் விட்டாலும் வழுவழுப்புப் போகவில்லை. சாம்பல் தண்ணீரில் தேங்காயெண்ணெய் விட்டுக் காய்ச்சினேன். கறிக்கே எண்ணெய் இல்லாத நேரத்தில் அது திருட்டு மாதிரி இருந்தது. கடைசியில் செக்கடியில் சும்மா கிடந்த இலுப்பைப் பிண்ணாக்கு, அரப்பு என்பார்களே, அதுதான் சரிவந்தது. இடித்து, ஊறவைத்து, மெதுவாகக் காய்ச்சி, சீலையை இரண்டாக மடித்து வடித்தேன். மணம் தெரியாமலிருக்கத் தேசிக்காய்ச் சாறு நிறையவே சேர்த்தேன். பருப்புக் கிடாரத்துப் பிசுக்கு ஒரு தேய்ப்பில் விட்டது. ஒரே தண்ணீரில் அலசிப் போனது.

என்னத்தில் செய்கிறாய் என்று பெண்கள் கேட்டார்கள். கொம்பனி இரகசியம் என்றேன்.

"எட்டாம் வகுப்புக் கொம்பனியோ?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வெயில் ஏறக் கிணறு வற்றியது. குளமும் அணைக்கட்டோரம் ஒரு மடுவாகச் சுருங்கிவிட்டது. கிடாரங்களை அங்கே கொண்டுபோகச் சொன்னது நான்தான். மண்ணோடு மண்ணாக உக்கிப் போகிற சாமான், ஊற்றினால் ஒன்றும் வராது என்றும் சொன்னேன்.

அந்த மடுவில், முல்லைத்தீவுக் கரையை விட்டு வந்த ஒரு வேதக்கார அண்ணர் வலை வைத்துவந்தார். குளம், அந்தத் தண்ணீரில் வயல் செய்யும் கமக்காரருடையது. அவர்கள் சரி என்றபடியால் யப்பான் மீனும் விராலும் பிடித்து ஐந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்.

அங்கே கழுவத் தொடங்கிய மூன்றாம் நாள் காலை மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. குஞ்சுகளும் மிச்சமில்லை. ஒரு கமக்காரர் தண்ணீரை அள்ளி மணந்துபார்த்து, அரப்பு என்றார். அரப்புப் போட்டு மீனை மயக்கிப் பிடிப்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அப்படிப் பிடித்த மீனைத் தின்றுமிருக்கிறேன். காய்ச்சிய நாட்களில் அது ஏன் என் நினைவுக்கு வரவில்லை என்று இன்றும் என்னையே கேட்கிறேன்.

"கடல்காரருக்குப் பொறுமையில்லை. ஒரேயடியா அள்ளப் பாத்திருக்கிறார்" என்றார் கமக்காரர்.

அண்ணர் மாதா மேல் சத்தியம் செய்தார். "அப்ப மாதாவோ அரப்புப் போட்டவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இனி அவர் வலை வைக்கக்கூடாது என்று முடிவானது. நான் அந்தக் கூட்டத்துக்குள்தான் நின்றேன்.

சாமான் முடிந்துவிட்டது என்று குசினியில் பொய் சொன்னேன். பெண்கள் பழையபடி சாம்பலுக்குப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்து அண்ணரின் மனைவி ஒரு போத்தலோடு வந்தார். முன்பும் ஒருமுறை கொஞ்சம் வாங்கிப்போனவர். அக்கராயனுக்குப் போகிறார்களாம், அங்கேயும் குளத்து மீன்தானாம். "உம்மட தண்ணி மிச்சமிருந்தாத் தாரும் தம்பி. மீன்சட்டி மணம் அதுக்குத்தான் போகுது."

மிச்சமிருந்தது. ஊற்றிக் கொடுத்தேன். அவர் திரும்பும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

"குளத்துக்குள்ள மட்டும் கழுவாதேங்கோ அக்கா."

"ஏன்?"

நான் போத்தலைப் பார்த்தேன். அவர் மூடியைத் திறந்து மணந்தார். தேசிக்காய்க்கு அடியில் இருந்ததைக் கண்டுபிடிக்க அவருக்குக் கனநேரம் எடுக்கவில்லை.

"அண்டைக்குக் குளத்துக்குள்ள போனதும் இதுவோ?"

"ஓம் அக்கா."

அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "அப்ப ஒருக்கா வந்து அவையளுக்குச் சொல்லும். நாங்கள் நாளைக்கு வெளிக்கிடுறம். இந்தப் பேரோட போக ஏலாது."

பின்னேரம் வருகிறேன் என்றேன். சொல்லும்போது போவதாகத்தான் நினைத்தேன். மத்தியானச் சோறு வடித்து முடிந்ததும் சைக்கிளை எடுத்தேன். கமக்காரர் வீடுகள் இடப்பக்கம். நான் வலப்பக்கம் திரும்பினேன். பொழுதுபடும்போது முத்தையன்கட்டும் தாண்டிவிட்டேன்.

அவர் தானாகப் போய்ச் சொன்னாரோ, சொன்னதை யாரும் நம்பினார்களோ, எனக்குத் தெரியாது. அந்தப் பின்னேரம் முழுக்க எனக்காகப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். அது மட்டும் தெரியும்.