கொக்கி கண்ணையனுக்கு ஒரு கனெக்‌ஷன்

கல்லங்குறிச்சி போகிற வழியில் இடது கைப்பக்கம் ஒரு மண் ரோடு பிரியும். அதில் போனால் முதலில் இடுகாடு, அதைத் தாண்டித்தான் தெரு. தெருவுக்கே பொதுவாக சோலார் போட்டுத் தருகிறோம் என்று ஒரு தொண்டு நிறுவனம் வந்தபோது, நிழல் விழாத, பங்காளித் தகராறு இல்லாத நிலம் அந்த இடுகாட்டின் மேற்கு ஓரம் மட்டும்தான் இருந்தது. ஆட்சேபம் சொல்லக்கூடியவர்கள் அத்தனை பேரும் மண்ணுக்குக் கீழே இருந்ததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

சோலார் பலகைகளைக் கழுவும் வேலை பொன்னுத்தாய்க்குக் கிடைத்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் கிளப்பிவிடும் தூசி பனியில் நனைந்தால் பலகைமேல் பூச்சுவேலை செய்ததுபோல் இறுகிக்கொள்ளும். விடிந்ததும் தண்ணீர் ஊற்றிப் பழைய வேட்டித் துணியால் துடைப்பாள். கடைசிப் பலகையைத் துடைக்கும்போது மட்டும் அதில் தெரிவது தன் முகம்தானா என்று ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொள்வாள். அந்தப் பலகையின் நிழலில்தான் அவள் புருஷன் கண்ணையன் படுத்திருந்தான்.

கொக்கி கண்ணையன் என்றால்தான் சுற்றுவட்டாரத்தில் தெரியும். பொழுது சாய்ந்ததும் மூங்கில் கழியின் நுனியில் கம்பிக் கொக்கியை மாட்டி, தெருக் கம்பியில் லாவகமாகத் தொங்கவிடுவான். விடிவதற்குள் கழற்றிவிடுவான். பிடியில் சிவப்பு சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். கல்யாணமா, காது குத்தா, அவன் கொக்கி இல்லாமல் சீரியல் பல்பு எரியாது. லைன்மேன் வருகிற செவ்வாய்க்கிழமை மட்டும் விரதம். அப்படிப்பட்டவனைக் கரண்டு ஒரு நாளும் தொட்டதில்லை. மஞ்சள் காமாலைதான் தொட்டது.

செத்தவருக்குப் பிடித்ததைக் குழியில் கூட வைப்பது அந்தத் தெருவின் வழக்கம். வெற்றிலைப் பை, புகையிலை என்று வைத்தார்கள். கூட்டாளிகளில் எவனோ, அழுதுகொண்டேதான், கொக்கியையும் வைத்துவிட்டான். அப்போது அது தப்பாகத் தெரியவில்லை. அவன் தலைமாட்டுக்கு மேலேயே சோலார் கம்பி போகும் என்று யார் கண்டார்கள்?

சோலார் வந்த முதல் கோடையில் தெரு குளிர்ந்துபோய்க் கிடந்தது. பில்லுக்குப் பயந்து ஃபேனை விருந்தாளிக்கு மட்டும் போட்டவர்கள், ஆட்டுக்குட்டிக்கெல்லாம் போட்டார்கள். பிறகுதான் குறைய ஆரம்பித்தது. பகல் முழுக்கப் பேட்டரியில் சேர்ந்தது சாயங்காலத்திலேயே கரைந்து, தெரு மறுபடி போர்டு கரண்டுக்கும் பில்லுக்கும் போனது.

பெரம்பலூரிலிருந்து பானுப்ரியா ஸ்கூட்டியில் வந்தாள். அந்த நிறுவனத்தின் இன்ஜினியர். மீட்டரில் பதிந்திருந்த நாள்கணக்கைப் பார்த்துவிட்டுப் பொன்னுத்தாயிடம் நெற்றியைச் சுருக்கினாள்.

"வயர்ல கோளாறு இல்லக்கா. பொழுது சாஞ்சா யாரோ எடுக்குறாங்க. விடியறதுக்குள்ள வுட்டுடுறாங்க. செவ்வாக்கெழம மட்டும் ஒரு பொட்டுக்கூட கொறையல. அதான் எனக்குப் புரியல."

பக்கத்து வீட்டுப் பச்சையம்மாளுக்கு உடனே புரிந்துவிட்டது. "அடி ஆத்தி! லைன்மேனுக்கு இன்னமுமா பயப்படுறான் உம் புருஷன்?"

அன்று சாயங்காலமே தெருக்காரர்களின் சோலார் சங்கம் கூடியது. தலைவர் கலைவாணன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். கண்ணையனுக்குச் சித்தப்பா மகன்.

"இதுல மூடநம்பிக்கைக்கு எடமே இல்ல. நான் சட்டப்படி பேசுறேன். புருஷன் எடுத்தா பொண்டாட்டிதான் பொறுப்பு. அண்ணி வூட்டு லைன கட் பண்ணிடுவோம்."

"செத்தவரு எடுத்ததுக்கு நான் எப்படிங்க கொழுந்தனாரே பொறுப்பாவேன்?"

"அப்ப எடுக்குறது அவருதான்னு ஒத்துக்கிறீங்க. எழுதிக்கய்யா!"

பொன்னுத்தாய் விரல் விட்டு நாள் எண்ணிப் பார்த்தாள். மகள் தென்றலுக்கு இது நிறைமாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரவேண்டியவள். கொக்கியை நம்பிப் போர்டு கனெக்‌ஷனே வாங்காத தகரக் கூரை வீடு. ஃபேன் ஓடினால்தான் அனுப்புவோம் என்று சம்பந்தி வீட்டில் முன்பே சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வரை தவணை கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் அந்தி மயங்கும் நேரத்தில் தனியாக இடுகாட்டுக்குப் போனாள். காற்று இல்லை. ஆனாலும் கடைசிப் பலகைக்கு அந்தப் பக்கம் கம்பி ஆடிக்கொண்டிருந்தது. கிட்டே போனாள். மேலே சோலார் கம்பியில், சிவப்பு டியூப் சுற்றிய கொக்கி. அதிலிருந்து ஒரு வயர் நேரே இறங்கி, நெருஞ்சி முளைத்திருந்த மண்ணுக்குள் போயிருந்தது. மண் கிளறப்பட்ட அடையாளமே இல்லை. வயரை விரலால் தொட்டு மெதுவாக இழுத்தாள்.

உள்ளேயிருந்து யாரோ, கோபமில்லாமல், திரும்ப இழுத்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். பொன்னுத்தாய் அந்த மனுஷனோடு இருபது வருஷம் குடித்தனம் செய்தவள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏன்யா, இருந்தப்பத்தான் மானத்த வாங்குன. இப்பவுமா? ஒம் மவ புள்ள பெக்க வர்றா. ஃபேன் ஓடலன்னா அனுப்ப மாட்டாங்களாம். இருட்டா இருக்குன்னா எங்கிட்ட சொல்றதுக்கென்ன? முறையா வாங்கித் தர்றேன். இத மட்டும் வுட்டுடுய்யா."

வயர் தளர்ந்தது. மண்ணுக்குள் பெருமூச்சு மாதிரி ஒன்று கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் அவள் எழுந்து சொன்னாள்: "எங்க வூட்டுக்காரருக்கு ஒரு கனெக்‌ஷன் குடுத்துடுங்க. ஒத்த பல்பு. என் பங்குலேருந்து கழிச்சுக்குங்க."

கலைவாணன் யோசித்தார். இறந்தவர் உறுப்பினராகக் கூடாது என்று சங்க விதியில் எங்கும் இல்லை. "ஓட்டு மட்டும் கெடையாது," என்று கண்டிப்பாகச் சொல்லி ஒப்புக்கொண்டார். பானுப்ரியா நிறுவனத்துக்கு அனுப்பிய குறிப்பில் 'தெரு விளக்கு, கூடுதலாக ஒன்று' என்று எழுதினாள். ஒயரிங் செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு போனாள்.

அன்று முதல் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. இடுகாட்டில் ஒற்றை பல்பு எரிந்தது. செவ்வாய்க்கிழமை மட்டும், யாரும் அணைக்காமலே, அணைந்திருந்தது. கனெக்‌ஷன் கைக்கு வந்தும் கண்ணையனுக்கு நம்பிக்கை வரவில்லை போலும்.

தென்றல் வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று ஃபேன் ஓடியது, எல்லாம் சரியாக இருந்தது, தூளி கட்டத்தான் உத்திரத்தில் கொக்கி இல்லை.

"நாளைக்கி டவுன்ல வாங்கியாந்துடுறேன்டி," என்று சொல்லிவிட்டுப் பொன்னுத்தாய் படுத்தாள்.

விடியற்காலையில் பலகை கழுவ எழுந்தவள் அண்ணாந்து பார்த்தாள். உத்திரத்தில் ஒரு கொக்கி தொங்கியது. சிவப்பு டியூப் சுற்றியிருந்தது. அதிலிருந்து ஈர மண் ஒரு சிட்டிகை உதிர்ந்து, தரையில் நெருஞ்சி முள்ளோடு கிடந்தது.

பாரம் தாங்குமா என்று பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். தாங்கியது. இரவெல்லாம் கையில் பிடித்திருந்தவர் இப்போதுதான் விட்டதுபோல இளஞ்சூடாக இருந்தது.

பொன்னுத்தாய் புடவையை மடித்துத் தூளி கட்டினாள்.