சமைத்த தண்ணீர்

போன வாரம் கிளினிக்கில் மாத்திரை விழுங்க நர்ஸ் ஒரு தம்ளரை நீட்டி, "ஆயேர் மாசாக்தான்மா, பயப்படாம குடிங்க" என்றாள். காய்ச்சின தண்ணீராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் என்ன நினைத்தாளோ!

கல்யாணமாகி எஸ்டேட்டிலிருந்து மலாக்காவில் காஜா பெராங்குக்கு வந்த புதிதில் எனக்குத் தெரிந்த மலாய் ரொம்பக் கொஞ்சம். மாசாக் என்றால் சமையல், அவ்வளவுதான். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து ஊரெல்லாம் கொடி பறந்த சமயம். வீட்டுக்காரர் காலையில் கடைக்கு வேலைக்குப் போனால் இருட்டின பிறகுதான் வருவார். பேச்சுக்கு ஏங்கியே, தேவையில்லாமல் கிணற்றடிக்குப் போய் நிற்பேன்.

அங்கே பக்கத்து வீட்டு லெட்சுமி வருவாள். மலாக்கா செட்டிக் குடும்பம், தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். பெயர் தமிழ், நெற்றியில் திருநீறு, வாயைத் திறந்தால் மலாய். "சுடா மாக்கான்?" என்பாள். சாப்பிட்டாயா என்று அர்த்தம். நான் தலையாட்டுவேன். வாளி நிரம்பின பிறகும் இரண்டு பேரும் நகரமாட்டோம்.

மழை பிடித்ததும் பின்பக்கச் சாக்கடை பொங்கிக் கிணற்றோரம் தேங்கியது. தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு, காய்ச்சல். சுகாதார அதிகாரி வந்து, தண்ணீரை மாசாக் செய்துதான் குடிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் கேட்டேன்: "தண்ணியப் போய்ச் சமைக்கிறதா? உப்பு எவ்ளோ போடணும்?"

"கொதிக்க வச்சுக் குடிக்கச் சொல்றான், பைத்தியம்" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

லெட்சுமியும் மகளுக்குக் காய்ச்சித்தான் கொடுத்தாள். ஆனால் விளையாடிவிட்டு ஓடிவரும் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பொறுமை ஏது? அவள் மகள் கிணற்றடி வாளியிலேயே வாய் வைத்துக் குடித்துவிடுவாள். டைபாய்டு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளை பிழைக்கவில்லை.

துக்கம் விசாரிக்கப் போனேன். ஏதாவது சொல்வேன் என்று லெட்சுமி என் முகத்தையே பார்த்தாள். ஆறுதல் சொல்ல மலாயில் எனக்கு ஒரு வார்த்தையும் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கிணற்றைப் பலகை போட்டு மூடினார்கள். கொஞ்ச நாளில் வீட்டுக்குள்ளேயே குழாய் வந்தது. நல்ல தண்ணீர்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் வெளியே போக எனக்கு ஒரு சாக்கும் இல்லாமல் போயிற்று. லெட்சுமி கதவைத் திறப்பதே அபூர்வம். சந்தையில் மீன் விற்கிறவளிடம் பேசிப் பேசி மலாய் பழகினேன், லெட்சுமிக்காகவே. பிரசவத்துக்கு எஸ்டேட்டுக்குப் போய்த் திரும்பியதும், அன்றைக்குச் சொல்ல முடியாததை இனிச் சொல்லிவிடலாம் என்ற தைரியத்தில் அவள் கதவைத் தட்டினேன். வேறு யாரோ திறந்தார்கள். அவள் சிங்கப்பூரில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டாளாம்.

இப்போது அந்த வரிசை வீடுகளே இல்லை. மலாய் நன்றாகப் பேசுகிறேன். அவளிடம் சொல்ல வைத்திருந்ததை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.