எல்லாமே ஒரே மாதிரி தப்பு

அந்தச் சிறப்புப் பள்ளியில் அவருக்கு 'வேலை டீச்சர்' என்று பெயர். படிப்பை முடிக்கப்போகும் பிள்ளைகளுக்கு என்ன வேலை ஒத்துவரும் என்று பார்த்து, அங்கே கொண்டுபோய் நிலைக்க வைப்பதுதான் அவர் பொறுப்பு. மெழுகுவர்த்தி செய்யட்டும், கவர் ஒட்டட்டும் என்று யாராவது ஆரம்பித்தால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"எல்லாரும் மெழுகுவர்த்தியே செஞ்சா அத வாங்குறது யாரு?" என்பார்.

ஒரு பிள்ளையை அனுப்புமுன் அந்த வேலையைத் தானே ஒரு நாள் செய்து பார்த்துவிடுவார். அப்படித்தான் பேக்கரியில் கையைச் சுட்டுக்கொண்டார். கார் கழுவும் இடத்தில் முதலாளியையே குளிப்பாட்டிவிட்டு வந்தார். செய்து பார்த்தால்தான் பிள்ளை எங்கே தடுமாறும் என்று தெரியுமாம்.

அந்த வருடம் அவர் தூக்கத்தைக் கெடுத்தவள் 'சரியா'. பதினேழு வயதுப் பெண். எதைச் செய்தாலும் "சரியா? சரியா?" என்று எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பாள், அதில் ஒட்டிக்கொண்ட பெயர். வாயால் சொன்னால் ஏறாது, கையால் செய்து காட்டினால் பிடித்துக்கொள்வாள். இரண்டு கடைகளில் சேர்த்துவிட்டும், இரண்டிலிருந்தும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் அம்மாவுக்கு நம்பிக்கையே விட்டுப்போயிற்று.

"வேலையெல்லாம் வேணாம் டீச்சர். நான் இருக்கிற வரைக்கும் பாத்துக்கறேன்."

"அதுக்கப்புறம்?"

இன்னும் ஒரே ஓர் இடம் பார்ப்போம், அதுவும் ஆகாவிட்டால் வீட்டோடு இருக்கட்டும் என்று முடிவானது.

அந்த இடம் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடம். அறுவை சிகிச்சைக்குப் போகும் பச்சைத் துணிகளை மடிக்க வேண்டும். மடிப்பின் வலப்பக்கம் ஒரு மூலை வெளியே தலைகாட்ட வேண்டும். நர்ஸ் அதைப் பிடித்து இழுத்தால் துணி ஒரே வீச்சில் விரியும். டீச்சர் வழக்கம்போல் ஒரு நாள் போய் நின்று மடித்துப் பழகினார். பிறகு பள்ளியில் சரியாவைப் பக்கத்தில் நிறுத்தி, வாரக்கணக்கில் மடித்து மடித்துக் காட்டினார்.

சரியா வேலைக்குப் போன முதல் நாள் மதியமே போன் வந்தது. "கொஞ்சம் வந்துட்டுப் போங்க டீச்சர்." சலவைக்கூடத்துச் சூப்பர்வைசரம்மாவின் குரலிலேயே சங்கதி தெரிந்துவிட்டது. மருத்துவமனை வாசலில் காத்திருந்த சரியாவின் அம்மாவும், "நான் அப்பவே சொன்னேனே" என்றபடி கூடவே வந்தார்.

மேசை மேல் பச்சைத் துணி குவிந்து கிடந்தது. "காலைலருந்து மடிச்சது. ஒண்ணுகூடத் தேறல. மூலை பூரா இடப்பக்கம்," என்றார் சூப்பர்வைசரம்மா. சரியா ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "சரியா? சரியா?" என்றாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் உதடு பிதுங்கியது.

டீச்சர் குவியலருகே போனார். மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என்று உருவிப் பார்த்தார். இம்மி பிசகாமல் எல்லாம் ஒரே அச்சு. துணியைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். இடது கை.

"ஐயையோ! எல்லாமே ஒரே மாதிரி தப்பு. இது அவ தப்பு இல்லம்மா, என் தப்பு. நான் இடக்கைக்காரி. நான் காட்டினத அப்படியே செஞ்சிருக்கா!"

சூப்பர்வைசரம்மா நெளிந்தார். "அன்னிக்கு நீங்க மடிச்சதையும் நாங்கதான் திரும்ப மடிச்சோம். டீச்சராச்சே, மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றதுன்னு..."

"நல்லா இருக்கு உங்க மரியாதை! அதுக்கு இந்தப் பொண்ணா அழணும்? இப்ப நீங்க ஒரு தடவை காட்டுங்க. பேச வேணாம், மடிச்சு மட்டும் காட்டுங்க."

சூப்பர்வைசரம்மா சரியாவின் பக்கத்தில் வந்து நின்று நிதானமாக மடித்தார். சரியா அந்தக் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு ஒரு துணியை எடுத்து மடித்தாள். மூலை வலப்பக்கம் எட்டிப் பார்த்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். சூப்பர்வைசரம்மா ஒன்றை எடுத்து மூலையைப் பிடித்து இழுத்தார். துணி சர்ரென்று விரிந்தது.

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்துரணும், தெரியுதா?" என்றார் சரியாவிடம்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். டீச்சருக்கோ தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் தானும் ஒரு துணியை இழுத்து மடிக்க ஆரம்பித்தார்.

சரியா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீங்க மடிக்காதீங்க டீச்சர்," என்றாள். யார் முகத்தையும் பார்க்காமல், தன் மேசைக்குத் திரும்பினாள்.