ஐஸ் இல்லாத நாட்கள்

என் மீன் பெட்டியின் ஓரத்தில் முள் வைத்த சின்ன தெர்மாமீட்டர் ஒன்று தொங்குகிறது. பெரிய மார்க்கெட்டில் வேறு யார் பெட்டியிலும் அப்படிக் கிடையாது. சாரம் பகுதியில் என் வீட்டு மாடியில் மூன்று வருடம் குடியிருந்த விஞ்ஞானி அம்மா, காலி செய்து போகும்போது கொடுத்தது.

அவர் வேலையை எனக்குப் புரியும்படி சொல்லியிருக்கிறார். வெளிநாட்டில் பூமிக்கடியில் அணுவைவிடச் சிறிய துகள்களை மோதவிட்டுப் பார்க்கிறார்களாம். அதைக் கண்டுபிடிக்கிற சிலிக்கான் தகடுகள் கதிர்வீச்சு பட்டுப் பட்டுக் கெட்டுப்போகும். எத்தனை நாளில் எவ்வளவு கெடும் என்று கம்ப்யூட்டரிலேயே முன்கூட்டி நடத்திப் பார்ப்பார்.

ஒரு மழைக்காலத்தில் அவர் முகம் செத்துப்போயிருந்தது. கம்ப்யூட்டர் சொன்னதைவிட நிஜத் தகடு அதிகமாகக் கெட்டிருந்தது. அந்த வாரத்துக்குள் சரியாக வராவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் மீன் கழுவுகிற இடத்தில் வந்து உட்கார்ந்து, ஒரே ஒரு எண்ணை லேசாக மாற்றினால் இரண்டும் பொருந்திவிடும், யாருக்கும் தெரியாது என்றார்.

"பழைய மீனு புதுசாத் தெரிய செவுளுக்குச் சிவப்புச் சாயம் பூசுற மாதிரியா?" என்றேன்.

அவருக்குச் சுருக்கென்றது. "மீன் விக்கிற உங்களுக்கு இதுல என்னக்கா தெரியும்?" என்று எழுந்துவிட்டார்.

எனக்கும் கோபம். "நாப்பது வருஷமா கெட்டுப்போறதத்தான் பாத்துக்கினு இருக்கேன். வலையில அடிபட்டுக் கெடுறது கொஞ்சம். ஐஸ் இல்லாம கெடக்குற நேரத்துலதான் மிச்சமும் கெடுது. உன் தகட்டுக்கு ஐஸ் உண்டாம்மா?"

அவர் படியேறிப் போனார். இரண்டு ராத்திரியும் மாடியில் விளக்கு எரிந்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் இறங்கி வந்தார். தகடுகளைக் குளிரில்தான் வைத்திருப்பார்களாம். நடுவில் மெஷினை நிறுத்திப் பழுது பார்த்த நாட்களில் குளிரையும் நிறுத்தியிருக்கிறார்கள். கதிர்வீச்சு இல்லாத நாள்தானே என்று இவர் அவற்றைச் சேர்க்கவே இல்லை. ஏற்கெனவே அடிபட்ட தகடு அந்தச் சூட்டில் சும்மா கிடந்தே இன்னும் கெட்டிருக்கிறது. சேர்த்ததும் பொருந்திவிட்டது. அந்த நாட்களைக் கணக்கில் விட்டது தன் தவறுதான் என்றே எழுதி அனுப்பிவிட்டாராம். வேலை நிலைத்தது. என்னிடம் மன்னிப்பும் கேட்டார். நான் உடனே மன்னிக்கவில்லை. வஞ்சிரம் இரண்டு துண்டு மட்டும் கொடுத்தனுப்பினேன்.

"மீனுக்குக் காய்ச்சலா ஆயா?" என்று மார்க்கெட்டில் இப்போது கேலி செய்கிறார்கள். செய்யட்டும். நேற்று ஐஸ் வண்டி வரவில்லை. மத்தியானம் பார்த்தால் முள் ஏறிக் கிடந்தது. கானாங்கத்தை மீனின் செவுள் அப்போதும் சிவப்பாகத்தான் இருந்தது. விற்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கூடையோடு கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து, பெட்டியைக் கழுவி, தெர்மாமீட்டரைத் துடைத்து மாட்டினேன்.