ஒருக்கா அமத்தினால் ஓம்

எங்கள் அண்ணையின் முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, எனக்கு நாலு பேர் முன்னால் நின்று கதைக்க வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

அண்ணை குருநகரில் பிறந்தார். அப்பாவைக் கடல் கொண்டுபோனபோது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பட்டணத்தில் ரேடியோ திருத்தும் கடையில் சேர்ந்தார். என்னை வளர்த்ததும் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். தனக்கென்று ஒரு குடும்பம் தேடிக்கொள்ளவில்லை.

போர்க் காலத்தில், கூரையில் கிடந்த பழைய ஏரியல் கம்பிக்காக அவரை விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தவர் அங்கே நடந்ததைச் சாகும்வரை சொல்லவில்லை.

போர் முடிந்து சில காலத்தின் பின், உடைத்த படகுகளிலிருந்து கழற்றிய பழைய வயர்லெஸ் செட்டுகளை வாங்கிவரத் தொடங்கினார். உப்புப் பிடித்த உட்பாகங்களைத் துடைத்து, பழுதான வால்வுகளை மாற்றி, உரிமம் பெற்ற வானொலி ஆர்வலர்கள் தமக்குள் கதைக்கும் அலைவரிசைக்கு அவற்றைத் திருத்துவார். இரைச்சலுக்கு நடுவே எங்கோ தூரத்துக் குரல் ஒன்று தெளிந்து வந்தால், அன்றைக்குச் சாப்பாடு கேட்கமாட்டார்.

ஆனால் கேட்பதோடு சரி. உரிமம் கிடைக்கும்வரை ஒரு சொல்லும் அனுப்புவதில்லை என்று, மைக்கிலிருந்து போகும் வயரைத் தானே வெட்டி வைத்திருந்தார். அது சட்டத்துக்காக மட்டுமல்ல, பயத்துக்காகவும் என்று எனக்குத் தெரியும். ஒரு செட்டை மட்டும் எங்கள் படகிலிருந்த செட்டின் அலைவரிசையிலேயே விட்டிருந்தார். என் கணவர் கடல் தொழிலுக்குப் போகும் நாட்களில் அது திறந்தே இருக்கும்.

ஒரு மாரிப் பின்நேரம் கிழக்கிலிருந்து கொண்டல் காற்று எழும்பியது. மின்சாரமும் நின்றது. கார் பற்றறியில் ஓடிய அந்தச் செட்டில் என் கணவரின் குரல் கேட்டது.

"எஞ்சின் நிண்டுட்டுது. நங்கூரம் பிடிக்குதில்லை. மேற்கை இழுக்குது. ஆராவது கேக்கிறியளோ?"

கைபேசிக்கு அலை எட்டாத தூரம். அவர் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் குரல் தேய்ந்தது.

"கதைச்சே பற்றறியை முடிக்கப்போறான்," என்றார் அண்ணை.

வெட்டிய வயரை ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். மின்சாரம் இல்லாததால், தடித்த செப்புக் கம்பியொன்றைக் காஸ் அடுப்பில் சூடாக்கி எடுத்துவந்தார். நான் சேர்த்துப் பிடித்த வயர் முனைகள் விலகிக்கொண்டே இருந்தன. ஈயம் பிடிக்காமல் உருண்டு விழுந்தது.

"பிடி பிள்ளை. சுட்டாலும் விடாதை."

சுட்டது. விடவில்லை. ஈயம் ஒட்டியது.

அண்ணை மைக்கை எடுத்தார். ஆனால் அதன் சுவிச்சை அமத்தவில்லை. கூரைப் பக்கம் பார்த்தார்.

"பிறகு வந்து விசாரிப்பினமோ அண்ணை?"

"விசாரிக்கட்டும். சொல்லுறதுக்கு வாய் இருக்குத்தானே."

அமத்தினார்.

"மச்சான், நான்தான். இனி நீ கதைக்கப்படாது. மைக் சுவிச்சை மட்டும் அமத்து. ஒருக்கா அமத்தினால் ஓம். ரெண்டு தரமெண்டால் இல்லை. உன்ரை சீவியத்திலை இண்டைக்கு ஒரு நாளாவது வாயை மூடிக்கொண்டிரு. விளங்கிச்சோ?"

இரைச்சல். பிறகு ஒரு 'டக்'.

"காரைநகர் வெளிச்சவீடு தெரியுதோ?"

டக்.

"நேர் கிழக்கையோ?"

டக், டக்.

"தெற்காலை தள்ளியோ?"

டக்.

"தண்ணி உள்ளுக்கை வருதோ?"

டக்.

நான் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு மீனவர் சங்கத் தலைவரைக் கூட்டிவந்தேன். அவர் இதையெல்லாம் கேட்டுப் போனில் காரைநகர்ப் பக்கம் அறிவிக்க, அங்கிருந்து படகுகள் புறப்பட்டன. அண்ணை "இருக்கிறியோ?" என்று இடைக்கிடை கேட்பார். ஒரு 'டக்' வரும். பிறகு ஒரு தடவை வரவில்லை. மறுபடி கேட்டார். வரவில்லை.

"பற்றறி முடிஞ்சிருக்கும்," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. படகைக் கட்டி இழுத்து வருகிறார்கள் என்ற செய்தி வரும்வரை, அவர் அந்த மைக்கைக் கீழே வைக்கவுமில்லை.

கரைக்கு வந்த என் கணவர், "எல்லாம் கேட்டியள் அத்தான், பசிக்குதோ எண்டு மட்டும் கேக்கேல்லை," என்றார். அண்ணை சிரித்தார், பிறகு அழுதார்.

மறுநாள் தானாகவே உரிய அலுவலகத்துக்குப் போய், நடந்ததைச் சொன்னார். உயிர் ஆபத்தில் கதைத்தது குற்றமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பின்னர் உரிமமும் கிடைத்தது. அதன்பின் அவர் உலகத்தோடு கதைத்தார்.

அந்தக் குரலைத்தான் தொண்டை நோய் முதலில் எடுத்தது. தெல்லிப்பழை மருத்துவமனைக் கட்டிலில் என் கையைப் பிடித்தபடி கிடந்தார். நான் கேட்பேன், அவர் அமத்துவார்.

"நோகுதோ அண்ணை?" இரண்டு தரம். அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

கடைசி நாள், "பயமாயிருக்கோ?" என்று கேட்டேன். ஒருக்கா அமத்தினார்.

"நான் இஞ்சைதான் நிக்கிறன். கேக்குதோ?"

ஒருக்கா.

அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அவரைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், நோயில் பூசுதல் கொடுத்த குருவானவருக்கும், அன்று படகு கொண்டுபோனவர்களுக்கும், அண்ணையின் குரலைத் தேடி இன்னும் அலைவரிசையில் அழைக்கும் முகம் தெரியாத நண்பர்களுக்கும் நான் கடமைப்பட்டவள். திருப்பலி முடிய வாசலில் நிற்பேன். எனக்குச் சொல் வராது. உங்கள் கையைப் பிடித்து ஒருக்கா அமத்துவேன்.