ரெங்கசாமியின் ஞாயிற்றுக்கிழமைகள்

ஒருவரைத் தேடிப் போவதற்கும் ஒரு விதம் இருக்கிறது. ரெங்கசாமிக்கு அது தெரியவில்லை. கூடப் பிறந்த தங்கையைப் பதினான்கு வருஷம் தேடினான். அத்தனை வருஷமும் இடுப்பில் பாராங் கத்தியோடு தேடினான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதையோரம் புல் வெட்டுகிற வேலை அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் ஓய்வு. அன்று ரயிலேறி, இறங்கி, ரப்பர்த் தோட்டம் தோட்டமாக நடப்பான். பாதையெல்லாம் ஆள் உயரத்துக்கு லாலான் புல். பாம்பு கிடக்கும், பன்றி பாயும். கத்தியில்லாமல் எவனும் அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டான். தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குள் நுழையும்போது அதைக் கழற்றி எங்காவது வைக்க வேண்டும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவே இல்லை.

தங்கை பெயர் இராஜம்மா. அப்பா, அம்மா, இவர்கள் இருவர் என நாலு பேராக ஊரைவிட்டுக் கப்பலேறிக் கிள்ளான் பக்கம் தோட்ட வேலைக்கு வந்தார்கள். இரண்டு மழைக்காலத்தில் காய்ச்சல் பெரியவர்களைக் கொண்டு போனது. மிச்சம் இவர்கள்தான். 1913இல், பதினேழு வயதில், இராஜம்மா ரோடு போட வந்த தம்புசாமியோடு போய்விட்டாள். அவன் வேறு சாதி. லயமே கூடி நின்று ரெங்கசாமியின் முகத்தைப் பார்த்தது. இருபது வயசுப் பயல் என்ன செய்வான்? கத்தியைத் தூக்கிக்கொண்டு, "கண்ட எடத்துல ரெண்டு துண்டா வெட்டுவேன்" என்று கத்தினான். கத்தாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அவனை ஆம்பிளை என்று எவனும் மதித்திருக்க மாட்டான்.

மூன்றாம் நாள் கோபம் போய்விட்டது. சோற்றை வடித்து எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சாப்பிடக் கூப்பிட ஆளில்லை. பிறகு ரயில் பாதை வேலைக்கு மாறிப் போனான். கத்திய வார்த்தை அவனுக்கு மறந்தே போயிற்று. கல்யாணம் பேச வந்தவர்களிடமெல்லாம், "தங்கச்சி வரட்டும். அது இல்லாம எப்படி?" என்று தள்ளிக்கொண்டே போனான். அவளைக் கூட்டி வந்து உட்கார வைத்து ஒருவேளை சோறு போட வேண்டும். அவனுடைய ஆசை அவ்வளவுதான்.

மூன்று முறை கைக்கு எட்டியது. கிள்ளானுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில், "இருக்காங்க, பாசாருக்குச் சாமான் வாங்கப் போயிருக்காங்க, அடுத்த வாரம் வாங்கண்ணே" என்றார்கள். அடுத்த வாரம் போனால் வீடு காலி. சில வருஷம் கழித்து இன்னொரு தோட்டத்திலும் அதே கதை. தன் ராசி அப்படி என்று நினைத்துக்கொண்டான்.

மூன்றாவது இடம் டெங்கில் என்ற ஊர். அங்கேயும் முதல் முறை "வெளியே போயிருக்காங்க" என்றார்கள். இடையில் காய்ச்சலில் ஒரு மாதம் படுத்துவிட்டான். திரும்பப் போனபோது ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கிற மாரியாயிதான் எதிரே வந்தாள்.

"நீதானே ரெங்கசாமி? இன்னுமா உனக்கு ஆத்திரம் தீரல?"

"என்ன ஆத்திரம் ஆயா?"

"வெட்டணும்னுதானே தேடுற. கத்தியோட ஒருத்தன் வந்தான்னு சொன்னாலே அவளுக்குக் கைகால் உதறும். உனக்குப் பயந்துதான்யா எடம் எடமா ஓடுறா."

ரெங்கசாமி இடுப்பைத் தொட்டுப் பார்த்தான். அப்போதுதான், பதினான்கு வருஷத்துக்கு முன்னால் லயத்து வாசலில் தான் நின்ற கோலம் ஞாபகம் வந்தது.

மாரியாயி நிறுத்தவில்லை. "போன தடவ நீ வந்தப்ப புள்ள பெத்து ஒம்பது நாளு. மறுநாளே மாட்டு வண்டியில ஏறிட்டா. கொட்டுற மழை. அந்தப் புள்ள தங்கல."

அவன் அழவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தவனைப் போல நின்றான். கொட்டகைக்குள் தூளியில் ஏதோ ஒரு குழந்தை சிணுங்கியது. மாரியாயி போய் ஆட்டிவிட்டு வந்தாள்.

"எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். ஆனா சொல்ல மாட்டேன்" என்றாள்.

"வேணாம், சொல்லாதீங்க."

"நெசமா வெட்டத்தான் வந்தியா?"

"இல்ல ஆயா." கொட்டகைக்குள் தொங்கிய தூளியைப் பார்த்தான். பிறகு, "ஒரு ஒதவி பண்ணுங்க. ரெங்கசாமி செத்துட்டான்னு அதுகிட்டச் சொல்லிருங்க. காய்ச்சல்ல போயிட்டான்னு சொல்லுங்க" என்றான்.

மாரியாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். திரும்பிக் கொட்டகைக்குள் போய்விட்டாள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. துணி துவைத்தான். படுத்துக் கிடந்தான். துக்கம் என்று சொல்லக்கூட முடியாது, ஒன்றுமே இல்லை.

மூன்று மாதம் கழித்து, பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வீடுகளில் இருக்கும் மகளைப் பார்க்க மாரியாயி வந்தாள். பாதையோரம் புல் வெட்டிக்கொண்டிருந்தவனைக் கண்டுபிடித்து, நிழலுக்குக் கூப்பிட்டாள்.

"சொல்லிட்டேன்பா."

அவன் கத்தியைத் தரையில் வைத்தான்.

"கேட்டதும் அப்படியே தரையில உழுந்துட்டா. 'எங்கண்ணே, எங்கண்ணே'ன்னு மண்ணுல பொரண்டா. தம்புசாமியால புடிக்க முடியல. எனக்கே என்னடா பண்ணிட்டோம்னு ஆயிருச்சு."

"ம்."

"பதினாறாம் நாளு தலைமுழுகிப் படையல் போட்டா. என்னையும் வரச் சொன்னா. காக்காய்க்குச் சோறு வெச்சு 'அண்ணே வா'ன்னு கூப்புட்டா. அந்தப் பக்கம் காக்கா ஏது? கோழிதான் வந்து தின்னுச்சு." மாரியாயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இப்ப கதவத் தொறந்து வெச்சுத் தூங்குறாளாம். அவளே சொன்னா. சொல்லிட்டு அதுக்கும் அழுதா. தம்பி, உண்மையச் சொல்லிரட்டுமா? அவளுக்கு உன் மேல கோவமே இல்லப்பா."

ரெங்கசாமி யோசித்தான். திறந்து கிடக்கிற அந்தக் கதவைத்தான் யோசித்தான்.

"வேணாம் ஆயா. தூங்கட்டும்."

கிள்ளான் ரயில் ஒன்று கடந்து போனது.

"படையலுக்கு என்ன கறி வெச்சுச்சு?" என்று கேட்டான்.

"நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும். எங்கண்ணனுக்கு இதுதான் புடிக்கும்னு சொல்லிச் சொல்லி வெச்சா."

அவன் தலையாட்டினான்.

"உப்பு சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சுப்பா" என்றாள் மாரியாயி.